எந்த ரயில்வேயில் இன்ஜின் ஓட்டச் சம்மதிப்பேன்?

விளையாட்டுக் கேள்வியாகத்தான் இது ஆரம்பித்தது. நீராவிக் காலத்து ரயில் மோதல்களைப் பற்றி நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, "சரி, 1890-ல் உனக்கு இன்ஜின் டிரைவர் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள், எந்த முறையில் வண்டி விடுகிற ரயில்வேயில் சேருவாய்?" என்று கேட்டார். சம்பளம் கணக்கில் இல்லை, உயிரோடு ஓய்வு பெற வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அன்று சட்டென்று ஒரு பதில் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அது பாதி பதில்தான் என்று பட்டது.

பயணியின் கணக்கும் டிரைவரின் கணக்கும் வேறு வேறு. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு மோதல் பெரிய உலுக்கலோடு போய்விடலாம். இன்ஜினில் நிற்கும் இருவருக்கும் முன்னால் கொதிகலன், பின்னால் டன் கணக்கில் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்த டெண்டர். நேருக்கு நேர் மோதினால் டெண்டர் முன்னால் பாய்கிறது, டிரைவரும், அடுப்புக்கு நிலக்கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் தப்பினாலும் உடைந்த குழாயிலிருந்து வரும் ஆவி விடாது. அமெரிக்காவில் 1893 ஜூனோடு முடிந்த ஓராண்டில் மட்டும் 2,727 ரயில்வே ஊழியர்கள் வேலையில் இறந்திருக்கிறார்கள். எல்லாரும் மோதலில் இல்லை, பெட்டிகளை இணைக்கும்போது நடுவில் நசுங்கியவர்களும், ஓடும் வண்டியின் கூரைமேல் நடந்து கைப்பிரேக் திருகப்போய் விழுந்தவர்களும் இதில் ஏராளம். அதற்கு நாலு வருடம் முன்பே அந்நாட்டு ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் இந்த வேலையின் ஆபத்தைப் போர்க்களத்துச் சிப்பாயின் ஆபத்தோடு ஒப்பிட்டுப் பேசியிருந்தார்.

ஆக, ஒற்றைப் பாதை, எதிரெதிரே இரண்டு வண்டிகள். நடுவே இருக்கும் ஸ்டேஷனில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். எது நிற்கும், எது போகும் என்று யார் சொல்கிறார்கள், அந்தச் சொல் டிரைவரிடம் எப்படி வந்து சேர்கிறது? 1890-ல் இதற்கு நாலு வழிகள் இருந்தன.

முதல் வழி கடிகாரம். வண்டி போய் இத்தனை நிமிடம் ஆகிவிட்டதா, அடுத்ததை அனுப்பு. எதிர் வண்டிக்கு அட்டவணையில் என்ன நேரம் போட்டிருக்கிறதோ அதுவரை காத்திரு. இதை நான் பட்டியலிலிருந்து உடனே அடித்துவிடுவேன். முன்னால் போன வண்டி போய்க்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்று கடிகாரத்துக்குத் தெரியாது. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா அருகே ஒரு சுற்றுலா வண்டி ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து முன்பாதியை மட்டும் மேலே கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தார்கள். பின்பாதியின் சக்கரங்களுக்குக் கல் வைத்து முட்டுக்கொடுத்தார்கள். முன்பாதி நகரும்போது லேசாகப் பின்னால் வந்து இடித்ததில் கல் நழுவி, பத்துப் பெட்டிகள் பள்ளத்தில் உருள ஆரம்பித்தன. பின்னாலேயே அடுத்த வண்டி, நேர இடைவெளி விதிப்படி சரியாக, யார் மேலும் தப்பில்லாமல், வந்துகொண்டிருந்தது. 80 பேர் இறந்தார்கள். அதே வருடம் பிரிட்டனில் சட்டம் வந்தது: பயணிகள் பாதைகளில் ஒரு பகுதியில் ஒரு நேரம் ஒரு வண்டிதான், பயணி வண்டிகளுக்குத் தானியங்கிப் பிரேக் கட்டாயம். 1890-ல் கடிகாரத்தை மட்டும் நம்பி ஓடும் ரயில்வே ஏதாவது வேலை கொடுத்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இரண்டாவது, அமெரிக்க வழி. அட்டவணை இருக்கும், அதை மாற்ற வேண்டுமானால் தந்தியில் உத்தரவு வரும். இது பிறந்த கதை ருசியானது. 1851-ல் ஈரி ரயில்ரோடின் கண்காணிப்பாளர் சார்லஸ் மினட் போய்க்கொண்டிருந்த வண்டி, டர்னர்ஸ் என்ற ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காகக் காத்துக் கிடந்தது. அவர் முன்னால் இருந்த கோஷன் ஸ்டேஷனுக்குத் தந்தி அடித்து, அந்த வண்டி இன்னும் வரவில்லை என்று தெரிந்துகொண்டு, வந்தால் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு, தன் டிரைவரிடம் "போகலாம்" என்றார். டிரைவர் ஐசக் லூயிஸ் மாட்டேன் என்றுவிட்டார். கம்பியில் வந்த சேதியை நம்பி எதிர் வண்டியின் நேரத்தில் போவதா? கடைசியில் மினட்டே இன்ஜினை ஓட்டினார், லூயிஸ் கடைசிப் பெட்டியின் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். இந்தக் கதையை எழுதுகிறவர்கள் எல்லாரும் லூயிஸைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு அவர்மேல் மரியாதைதான் வருகிறது, அந்த வண்டியிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நிர்வாகத்தின் கண்ணில் இந்த முறை அற்புதமானது. நூறு மைல் பாதையை ஒரே ஆள் ஒரு மேஜையில் உட்கார்ந்தபடி நடத்தலாம், ஆளில்லாத புல்வெளியில் ஐந்து மைலுக்கு ஒரு ஸ்டேஷன் கட்டிச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் பாதைகளின் நீளத்துக்கு வேறு எதுவும் அன்று கட்டுப்படியாகியிருக்காது, அதை மறுக்க மாட்டேன். உத்தரவைத் திரும்பப் படித்துச் சொல்ல வேண்டும், சில படிவங்களில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கவனமாக விதிகளும் செய்தார்கள். 31-ஆம் எண் படிவத்துக்குக் கையெழுத்து வேண்டும், 19-ஆம் எண் படிவத்துக்கு வேண்டாம், வளையத்தில் மாட்டி ஓடும் வண்டிக்கே நீட்டிவிடலாம். ஆனால் டிரைவர் பக்கம் வந்து பாருங்கள். கையில் இருப்பது மெல்லிய காகிதம். ஆடுகிற இன்ஜினில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், எந்த வண்டி, எந்த ஸ்டேஷன், எத்தனை மணி என்று படித்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு, எதிர் வண்டி வந்துபோய்விட்டதா என்பதைப் பல நேரம் டிரைவரும் கண்டக்டரும் தாங்களே கண்ணால் பார்த்து அடையாளம் காண வேண்டும்.

அங்கேதான் 1918 ஜூலை 9 அன்று நாஷ்வில் நகரில் எல்லாம் போனது. நகரிலிருந்து வெளியே போகும் நான்காம் எண் வண்டி, இரட்டைப் பாதை முடிந்து ஒற்றைப் பாதை தொடங்கும் இடத்துக்குள், உள்ளே வரும் முதலாம் எண் வண்டி கடந்துபோய்விட்டதைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். முன்னுரிமை முதலாம் எண்ணுக்கு. கண்டக்டர் டிக்கெட் வாங்குவதில் மும்முரமாக இருந்ததால் பார்க்கும் வேலையை மற்ற ஊழியர்களிடம் விட்டார், பக்கத்துப் பாதையில், பெட்டிகளை இடம் மாற்றும் ஷண்டிங் இன்ஜின் ஒன்று வெறும் பெட்டிகளை இழுத்துப் போனதை அவர்கள் முதலாம் எண் வண்டி என்று எடுத்துக்கொண்டார்கள். டச்மேன்ஸ் வளைவில் இரண்டும் நேருக்கு நேர். அரசின் விசாரணை அறிக்கைப்படி 101 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் முன்பக்க மரப்பெட்டிகளில் அடைந்திருந்த கறுப்பினத் தொழிலாளிகள், வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். உத்தரவில் பிழை இல்லை, தந்தியில் பிழை இல்லை. ஒரு வண்டியை இன்னொரு வண்டி என்று நினைத்ததுதான் பிழை.

இதற்கு நேர் எதிரானது மூன்றாவது வழி. ஒரு பாதைப் பகுதிக்கு ஒரே ஒரு தடி. மரத்திலோ உலோகத்திலோ செய்து, ஊர்ப் பெயர் பொறித்து வைத்திருப்பார்கள். தடி உன் கையில் இருந்தால் போகலாம், இல்லையென்றால் ஆண்டவனே சொன்னாலும் போகக் கூடாது. இதைவிடப் பாதுகாப்பானது எதுவும் இல்லை என்று முதலில் தோன்றும், எனக்கும் தோன்றியது, நண்பரிடம் அன்று சொன்ன பதிலும் இதுதான். சிக்கல் எங்கே என்றால், ஒரே திசையில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்துப் போக வேண்டியிருந்தால் முதல் வண்டி தடியைக் கொண்டுபோய்விடும், இரண்டாவது வண்டிக்குத் தடி இல்லை. அதற்காக முதல் வண்டிக்குத் தடியைக் காட்டிவிட்டு ஒரு சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பி, கடைசி வண்டியிடம் தடியைக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அட்டவணை குலையாதவரை இது ஓடும். குலைந்த அன்று தடி ஒரு கோடியில், வண்டி மறுகோடியில், நடுவில் குதிரையில் ஒரு ஆள். வண்டிகளை மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தால் மேலதிகாரிகளுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் விதியில் ஓட்டை தேட ஆரம்பிப்பார்கள். போக்குவரத்து குறைவான கிளைப் பாதை என்றால் தடியே போதும், ஒரு நேரத்தில் ஒரே இன்ஜின், எதிரே வர ஆளே இல்லை. முக்கியப் பாதைக்கு இது நடக்காது.

தடி இல்லாத ஒற்றைப் பாதை எந்த அழகில் ஓடியது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறேன். 1873 டிசம்பரில் கார்ன்வாலில் மென்ஹினியட் ஸ்டேஷனில் இரண்டு சரக்கு வண்டிகள் எதிரெதிர் திசையில் போகக் காத்து நின்றன. ஸ்டேஷன் ஊழியர் ஒரு கார்டிடம், "சரி டிக், கிளம்பு" என்ற பொருளில் குரல் கொடுத்தார். இரண்டு கார்டுகளின் பெயரும் டிக். மற்ற டிக்கும் கொடி காட்டிவிட்டார். அந்த வண்டி போய் எதிரே வந்த இன்னொரு சரக்கு வண்டியில் மோதியது.

நான்காவது வழி பிறந்தது அடுத்த வருடம் நடந்த ஒரு கொடுமையிலிருந்து. 1874 செப்டம்பர் 10, இங்கிலாந்தின் நார்விச் அருகே தோர்ப். இரவு, மழை. எக்ஸ்பிரஸ் தாமதம் என்பதால், எதிர்ப்பக்கம் நிற்கும் மெயிலை முதலில் வரச் சொல்லலாமா என்ற யோசனை. இரவு இன்ஸ்பெக்டர் சொன்னார், தந்தி குமாஸ்தா இன்ஸ்பெக்டரின் கையெழுத்து இல்லாமலே சேதியை அனுப்பிவிட்டார். இன்ஸ்பெக்டரோ சேதி இன்னும் போகவில்லை என்ற நினைப்பில் எக்ஸ்பிரஸை விட்டுவிட்டார். தவறு தெரிந்து, மெயிலை நிறுத்து என்று தந்தி அடித்தபோது வந்த பதில், மெயில் கிளம்பிவிட்டது. அதற்கப்புறம் இருபுறமும் தெரிந்தவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, சத்தம் கேட்கக் காத்திருந்ததைத் தவிர. 25 பேர் இறந்தார்கள், இரண்டு டிரைவர்களும் இரண்டு ஃபயர்மேன்களும் அதில் அடக்கம். எதிர் வண்டி தமக்காகக் காத்திருக்கிறது என்று நம்பித்தான் இருவரும் வேகம் பிடித்திருந்தார்கள். குமாஸ்தாவுக்கு எட்டு மாதச் சிறை, இன்ஸ்பெக்டர் விடுதலை.

இதைப் பார்த்து எட்வர்ட் டையர் செய்ததுதான் டேப்லெட் கருவி, காப்புரிமை 1878-ல். இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு பெட்டி, இரண்டையும் இணைத்து மின்கம்பி. பெட்டிக்குள் டேப்லெட் எனப்படும் பல வட்டத் தகடுகள், ஆனால் இரண்டு பெட்டியையும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வரும். எடுத்த தகடு ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பிப் போகும்வரை அடுத்ததை யாராலும், எவ்வளவு அவசரமானாலும், எடுக்க முடியாது. தடியின் உறுதியும் கிடைத்தது, தடி தப்பான கோடியில் மாட்டிக்கொள்ளும் தொல்லையும் போனது. கொஞ்சம் பின்னால் தடியையே இதே போல மின்சாரப் பெட்டிக்குள் வைத்த கருவியும் வந்தது. நம் ஊர் ஒற்றைப் பாதைகளில் நீல் கருவியின் இரும்புப் பந்து இதே வேலையைத்தான் செய்தது. பெரிய வளையத்தின் அடியில் தோல் பையில் அந்தப் பந்து, ஓடும் இன்ஜினிலிருந்து ஃபயர்மேன் உடம்பை வெளியே நீட்டிக் கையைக் கொடுத்து வளையத்தைக் கோத்துக்கொண்டு போவார், பழையதைப் பிளாட்பாரத்தில் எறிந்துவிட்டு. சின்ன வயதில் அதை சர்க்கஸ் மாதிரி வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன், அந்தப் பைக்குள் இருந்தது அவர் உயிர் என்று அப்போது தெரியாது. இலங்கையின் மலையகப் பாதையிலும் டேப்லெட் வளையம் நெடுங்காலம் கைமாறிக்கொண்டிருந்தது.

அப்படியானால் நான்காவதுதானே, முடிந்தது கதை? நானும் அப்படித்தான் நினைத்தேன், ஏபர்மியூலைப் படிக்கும்வரை.

1921 ஜனவரி 26, வேல்ஸ். கேம்ப்ரியன் ரயில்வேயில் டையரின் கருவி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. ஏபர்மியூல் ஸ்டேஷனில் கருவிகள் சிக்னல் கேபினில் இல்லை, ஸ்டேஷன் கட்டடத்துக்குள் இருந்தன, போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைத் தொடுவது வழக்கமாகிவிட்டிருந்தது. மான்ட்கோமரியிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டியின் டேப்லெட்டை ஒரு பயிற்சிக் குமாஸ்தாப் பையன் வாங்கிக்கொண்டு வந்தான். அதைப் பெட்டிக்குள் போடவில்லை. பதிலி ஸ்டேஷன் மாஸ்டர் கைக்கு அது போனது, அவர் அதை அடுத்த பகுதிக்கான டேப்லெட் என்று எண்ணி அதே டிரைவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். டிரைவர் கொண்டுவந்த அதே தகடு. தகட்டில் ஊர்ப் பெயர் இருக்கிறது. டிரைவரும் பார்க்கவில்லை, ஃபயர்மேனும் பார்க்கவில்லை. எதிரே சரியான டேப்லெட்டோடு எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. 17 பேர் இறந்தார்கள், அதில் பாசஞ்சர் வண்டியின் டிரைவரும் ஃபயர்மேனும், எக்ஸ்பிரஸில் பயணம் செய்த கம்பெனி இயக்குநர் ஹெர்பர்ட் வேன்-டெம்பஸ்ட் பிரபுவும் உண்டு.

கருவி செய்ய வேண்டியதை அன்றும் செய்தது, ஒரே பகுதிக்கு இரண்டு டேப்லெட் தரவே இல்லை. ஆனாலும் நாஷ்வில்லையும் ஏபர்மியூலையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். நாஷ்வில் டிரைவர் தன் நிலைமையைச் சரிபார்க்க ஓடும் வண்டியிலிருந்து இன்னொரு ஓடும் வண்டியின் எண்ணைப் படித்திருக்க வேண்டும், ஏபர்மியூல் டிரைவர் பையைக் கையில் திருப்பி ஒரு பெயரைப் படித்திருந்தால் போதும். தவறு செய்வதற்கு இரண்டிலும் இடம் இருக்கிறது, தவறைக் கண்டுபிடிக்க டேப்லெட்டில்தான் எனக்கு, இன்ஜினில் நிற்கிற எனக்கு, ஒரு வாய்ப்பு இருக்கிறது. என் தேர்வு அதுதான், மூன்று நிபந்தனைகளோடு: கருவி ஒரே ஆளின் பொறுப்பில் இருக்க வேண்டும், டேப்லெட் எடுக்காமல் புறப்பாட்டு சிக்னல் இறங்காதபடி இரண்டையும் பூட்டியிருக்க வேண்டும், பெயரை நானும் ஃபயர்மேனும் சத்தமாகப் படித்த பிறகுதான் ஆவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரில் கை வைப்பேன்.

இரட்டைப் பாதை ரயில்வேயில் சேர்ந்தால் நேர்மோதலே கிடையாதே என்று நண்பர் குறுக்கே கேட்டார். உண்மைதான், ஆனால் அங்கே எல்லாமே நான் சிக்னலைப் பார்ப்பதில் தொங்குகிறது. 1913 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஏய்ஸ் கில் ஏற்றத்தில் மட்டமான நிலக்கரியால் ஒரு வண்டி மூச்சுத் திணறி நின்றது, பின்னால் வந்த வண்டியின் டிரைவர் ஓடும் இன்ஜினில் வெளியே போய் எண்ணெய் ஊற்றிவிட்டு, திரும்பி வந்தால் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் தகராறு, அதோடு மல்லாடிக்கொண்டே சிக்னல்களைத் தவறவிட்டார். நீராவி இன்ஜின் ஓட்டுவது சாலையைப் பார்த்துக் கார் ஓட்டுவது மாதிரி இல்லை, பாதி நேரம் கண் உள்ளேதான். கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி 1906 முதல் சிக்னல் நிலையை இன்ஜினுக்குள்ளேயே மணியாகவும் ஊளையாகவும் கேட்கவைத்தது. அது 1890-ல் இல்லை.

ஆனால் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதைத்தான் அன்று நான் மறந்திருந்தேன்: வண்டியில் என்ன பிரேக்? ஆர்மாவில் இருந்தது சாதாரண வெற்றிடப் பிரேக், வண்டியைப் பிரித்தவுடனே பின்பாதிக்குப் பிரேக்கே இல்லாமல் போய்விட்டது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் கொண்டுவந்த தானியங்கிக் காற்றுப் பிரேக் இதைத் தலைகீழாக்கியது, குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். டிரைவர் கைப்பிடியை ஒரு தடவை கடைசிவரை தள்ளிவிட்டால் போதும், பிறகு அவர் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி நிற்கப் பார்க்கும்.

இதுதான் எல்லாம் தோற்ற பிறகு வரும் கடைசி முடிவையும் மாற்றுகிறது: குதிப்பதா, நிற்பதா? இன்ஜினிலிருந்து குதிப்பதற்கு அமெரிக்க ரயில்காரர்கள் "பறவைகளோடு சேர்ந்துகொள்வது" என்று பெயர் வைத்திருந்தார்கள், அந்த அளவுக்கு அது அன்றாடம். கைப்பிரேக் காலத்தில் நிற்பதற்கு அர்த்தம் இருந்தது, இன்ஜினைப் பின்னோக்கித் திருப்ப, விசிலடித்துப் பிரேக்காரர்களைக் கூப்பிட ஆள் வேண்டும். தானியங்கிப் பிரேக்கை முழுக்கப் போட்டுவிட்ட பிறகு அங்கே நிற்கிறவரால் கூடுதலாக ஆகக்கூடியது கொஞ்சம்தான். 1900 ஏப்ரல் 30 அதிகாலையில் மிசிசிப்பியின் வான் ஸ்டேஷனில், பாதையை அடைத்து நின்ற சரக்கு வண்டியைக் கண்டதும் கேசி ஜோன்ஸ் தன் ஃபயர்மேன் சிம் வெப்பைக் குதிக்கச் சொல்லிவிட்டுத் தான் பிரேக்கோடு நின்றார். அந்த மோதலில் இறந்தது அவர் ஒருவர்தான், வெப் பிழைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, ஆனால் நானாக இருந்தால் பிரேக்கைத் தள்ளிவிட்டு வெப்புக்குப் பின்னாலேயே குதித்திருப்பேன். ஏபர்மியூலில் எக்ஸ்பிரஸின் டிரைவரும் ஃபயர்மேனும் அதைத்தான் செய்தார்கள், எதிர் வண்டியின் புகையைப் பார்த்துப் பிரேக் போட்டார்கள், குதித்தார்கள், அடிபட்டாலும் பிழைத்தார்கள்.

வேண்டுமென்றே நடத்தப்பட்ட ஒரு மோதலும் உண்டு. 1896 செப்டம்பர் 15, டெக்சஸில் ஒரு ரயில்வே கம்பெனி விளம்பரத்துக்காக இரண்டு நீராவி வண்டிகளை எதிரெதிரே விட்டது, ஏற்பாடு செய்த அதிகாரி பெயர் க்ரஷ், பார்க்க வந்த கூட்டம் 40,000 பேர் அளவில். டிரைவர்கள் ஆவியைத் திறந்துவிட்டு, பேசிவைத்தபடி சக்கரம் சரியாக நாலு சுற்று சுற்றியதும் குதித்துவிட்டார்கள். மோதலில் இரண்டு கொதிகலன்களும் வெடித்து இரும்புத் துண்டுகள் கூட்டத்துக்குள் பறந்தன. செத்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். இன்ஜின்காரர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போனார்கள்.